நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு

ஜூலை 24

நாலு மணி நேர ஏற்றம் என்றார்கள். ஆறரை ஆனது. முதுகில் இருபத்திரண்டு கிலோ கயிறு. தவறு என்னுடையது அல்ல. நாலு என்று சொன்னவனுடையது.

ஆஸ்திரியாவின் இந்தச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் மரம் கிடையாது. வெள்ளைப் பாறை, பாறை இடுக்குகளில் போன குளிர்காலத்துப் பனி, மஞ்சள் அலகுள்ள கறுப்புக் காகங்கள். பதினொரு பேர் வந்திருக்கிறோம். கோடையில் இரண்டு வாரம்தான் நேரம். பிறகு குகை வாய்களை மறுபடியும் பனி மூட ஆரம்பித்துவிடும்.

வேலை இது: பனிவாய் என்று ஒரு குகை. காகக்குழி என்று இன்னொன்று. இரண்டின் வாய்களும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மலைக்குள் எங்கோ இரண்டும் சேர்கின்றன என்று தலைவர் ருப்பர்ட் பதினேழு கோடைகளாக நம்பிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவருக்கு இவ்வளவு நம்பிக்கை ஆகாது. நம்பிக்கைக்கு வரைபடம் வேண்டும். அதற்குத்தான் நான். செல்வின், ஊர் மார்த்தாண்டம், நில அளவைப் பொறியியலில் முதுகலை, கிராஸ் நகரத்தில் வேலை. (இதெல்லாம் நாட்குறிப்பில் எதற்கு? நான் தொலைந்தால் இதைக் கண்டெடுப்பவனுக்கு.)

ஜூலை 25

இந்தக் கூட்டத்தில் இன்னொரு தமிழ்க் குரல் இருக்கிறது. ஆரபி. பெர்ன் நகரத்தில் ரயில் ஓட்டுகிறாள். பிறந்தது சுவிட்சர்லாந்தில், பெற்றோர் காரைநகர்க்காரர்கள். பன்னிரண்டு வருடமாகக் குகைகளுக்குள் போய் வருகிறாள்.

"உங்களுக்குக் குகை பழக்கமோ?"

"மூணு குகை இறங்கியிருக்கேன்க்கா."

"அக்காவோ? எனக்கு இருபத்தொன்பது. உங்களுக்கு?"

"இருபத்தாறு."

"மூண்டு வயசுக்கு அக்காவாம்! ஆரபி எண்டு கூப்பிடுங்கோ. கயித்தில தொங்கேக்க 'அக்கா' எண்டு முறை வைச்சுக் கத்த நேரம் இராது."

"பின்ன எதுக்கு நேரம் இருக்கும்?"

"விழுறதுக்கு."

பகிடியாம். நாளை மறுநாள் நானும் இவளும்தான் ஒரு ஜோடி. சம்மதமா என்று ருப்பர்ட் கேட்கவில்லை.

ஜூலை 27, அல்லது 28. கீழே

பனிவாயில் இறங்க ஒன்பது மணி நேரம். கயிற்றில் இறங்குவது எளிது, காத்திருப்பதுதான் வேலை. முன்னால் போனவர் கயிற்றை விட்டுவிட்டதாகக் கத்தும் வரை இருட்டில் தொங்கவேண்டும். ஒரு இடத்தில் கிணறு நூற்றிருபது மீட்டர். நடுவில் நின்று விளக்கை மேலே காட்டினேன். ஒன்றுமில்லை. கீழே காட்டினேன். ஒன்றுமில்லை. மேல் எது, கீழ் எது என்பதைக் கயிறு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

முகாம் நானூற்று எண்பது மீட்டர் ஆழத்தில். மணல் திட்டில் ஒரு சிவப்புக் கூடாரம், அடுப்பு, நாலு பேருக்குப் படுக்கை. வெப்பம் மூன்று பாகை. பகலும் அதுதான், இரவும் அதுதான், வருடம் முழுக்க அதுதான். மேலே வரை ஒற்றைக் கம்பித் தொலைபேசி. எடுத்தால் இணைப்பில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்.

தூங்கப் போனபோது பக்கத்துப் பாறைக்கு அப்பால் ஆட்கள் பேசுவது கேட்டது. இரண்டு பேர், சாவகாசமாக, ஏதோ பழைய விஷயத்தை. எழுந்து உட்கார்ந்தேன்.

"தண்ணிதான்" என்றாள் ஆரபி, கண்ணைத் திறக்காமல். "ஓடுற தண்ணி அவையவையின்ர பாசையில கதைக்கும். ருப்பர்ட்டுக்கு ஜெர்மன். உங்களுக்கு எந்தத் தமிழ்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

கேட்டது. எங்கள் பக்கத்துத் தமிழ். வெளிப்படையான காரணம் உண்டு: சீரற்ற ஓசையில் மூளை ஒழுங்கைத் தேடுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஜூலை 28, கடிகாரப்படி

பதினொரு மணி நேரம் அளந்தோம். புதிய பாதை, எங்களுக்கு முன் எவரும் வந்ததில்லை.

முறை இது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு மூன்று எண்: தூரம், திசை, சாய்வு. பிறகு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று அதே மூன்றையும் இன்னொரு முறை. முன்னளவும் பின்னளவும் ஒத்துப்போனால்தான் கணக்கு. திசையை முந்தைய கோட்டிலிருந்து திருப்பித்தான் எடுக்கிறோம்; ஒன்று தவறினால் அதற்கு அப்பால் உள்ள எல்லாமே சேர்ந்து திரும்பும். ஆரபி முன்னால் போய்ச் சிவப்பு நகப்பூச்சால் பாறையில் பொட்டு வைப்பாள். நான் கருவியைப் பிடித்து ஏட்டில் எழுதுவேன். ஈரத்தில் அழியாத தாள். உதாரணம், நாற்பது–நாற்பத்தொன்று: 8.37 மீட்டர், திசை 198.4, கீழ்நோக்கி 11.2.

நாற்பத்தொன்றுக்கு அப்புறம் ஒரு அருவி. உயரம் தெரியவில்லை, இருட்டிலிருந்து வருகிறது, இருட்டுக்குள் விழுகிறது. அடியில் குளம். குளத்தின் நடுவில் மேசை மாதிரி ஒரு பாறை. ஆரபி பக்கச் சுவரில் கயிறு கட்டி நனையாமல் அந்தப் பக்கம் போய், நாற்பத்திரண்டாம் பொட்டை வைத்தாள். லேசர் கருவி சாரலில் பிழை காட்டியது. நாலு தடவை பிழை. இப்படிப்பட்ட இடத்தில் நடுப்பாறையில் ஒரு புள்ளி வைத்து, அளவை இரண்டாக உடைக்கவேண்டும். அதாவது இடுப்பு வரை, இரண்டு பாகைத் தண்ணீரில். அப்புறம் அந்த ஈரத்தோடு மிச்ச நாள் முழுக்க.

"அளந்தாச்சோ?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"அளந்தாச்சு!"

"பின்னளவு?"

"வந்து எடுக்குதேன்!"

அவள் விளக்கு சாரலுக்குப் பின்னால் பெரிய மஞ்சள் பூ மாதிரி விரிந்து அசைந்தது. அழகாக இருந்தது என்று எழுதலாம். அந்தத் திசைக்கு எண் என்ன என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும்.

ஏட்டில்: 15.0 மீட்டர், திசை 240, சாய்வு 0. பின்னளவு: 15.0, 60, 0. துல்லியமாக ஒத்துப்போகிறது.

அதற்கு அப்பால் இருநூறு மீட்டர், நல்ல பாதை. கடைசியில் இடிந்து குவிந்த பாறைகள் வழியை அடைத்திருக்கின்றன. இடுக்குகளின் வழியே காற்று வருகிறது. ஆரபி கையுறையைக் கழற்றி விரல்களை அதில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஜூலை 30. மேலே

வெளிச்சம். புல்லுக்கு இவ்வளவு வாசனை உண்டு என்று யாரும் சொன்னதில்லை. சாக்ஸ் துவைத்தேன். இரண்டு தட்டுப் பாஸ்தா சாப்பிட்டேன்.

சாமான் கூடாரத்தில் கணினியில் எண்களை ஏற்றினேன். பனிவாயின் கோடு திரையில் வளர்ந்து வளர்ந்து காகக்குழியின் கடைசி முனைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஏழு மீட்டர்.

பாறை அடைப்புகள் சரியக்கூடியவை. பத்து மீட்டருக்கு மேல் என்றால் ருப்பர்ட் ஆளை உள்ளே விடமாட்டார். அது அவருடைய சட்டம். ஏழு என்றதும் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். அழுதார். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. யாரோ அக்கார்டியனை எடுத்து வாசித்தார்கள். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள்.

ஆரபி ஏட்டைப் பார்த்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்டு–நாப்பத்திரண்டு மட்டும் நல்ல வட்டமான எண்ணா விழுந்திருக்கு."

"சில நேரம் அப்படி விழும்."

"ஓம். நானும் சில நேரம் ரயிலைச் சரியாப் பன்னிரண்டு மணி பூச்சியம் செக்கனுக்கு நிப்பாட்டியிருக்கிறன்." சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

ஜூலை 31

சும்மா, ஒரு பரிசோதனைக்காக 240க்குப் பதில் 230 போட்டுப் பார்த்தேன். ஏழு மீட்டர், நாற்பத்தொரு மீட்டர் ஆனது. மறுபடி 240 போட்டேன். சேமிக்கவில்லை.

கண்ணால் பார்த்த திசை பத்து பாகை தவறாது. ஐந்து தவறலாம்.

ஆகஸ்ட் 1. கீழே

நேற்று மாலை இறங்க ஆரம்பித்து விடியும்போது வந்து சேர்ந்தோம். அடைப்பில் தோண்டுகிறார்கள். மாரெக் என்ற போலந்துக்காரரும் ஆரபியும் மாறி மாறி உள்ளே படுத்துக் கடப்பாரையால் கல்லை நெம்புகிறார்கள். வியன்னாவிலிருந்து வந்த இரட்டையர்கள் பிளாஸ்டிக் தொட்டியில் கல்லை வெளியே இழுக்கிறார்கள். நான் தொட்டியைக் கவிழ்க்கிறேன். தொலைபேசிக் கம்பியை அடைப்பு வரை நீட்டியாயிற்று.

மதியம் ஒரு பாறை தானாக உட்கார்ந்தது. பெரிய சத்தம் இல்லை; யாரோ நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஆரபியின் சட்டைக் கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. சட்டை மட்டும்தான். மாரெக் துணியை அறுத்து எடுக்க இருபது நிமிடம்.

"சுகமா இருக்கிறன்" என்று உள்ளேயிருந்து சொன்னாள். "பாறை எனக்குக் கை குடுத்தது, அவ்வளவுதான். விட மாட்டனெண்டிட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அரை மணி நேரம் தொட்டியைத் தவறான பக்கம் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இரட்டையரில் ஒருவன் வந்து சொன்னான்.

ஆகஸ்ட் 2

தூக்கம் இல்லை. தண்ணீர் பேசுகிறது. இன்று வாக்கியம் வாக்கியமாக. அர்த்தம் மட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 3

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாரெக் முந்தாநாளே மேலே போய்விட்டார். திட்டம்: இன்று காலை பதினொரு மணிக்கு அவர் காகக்குழியின் கடைசி முனையில் நின்று சுத்தியலால் பாறையில் மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி கொடுப்பார். ஏழு மீட்டர்தான் என்றால் எங்கள் பக்கம் கேட்கவேண்டும். காகக்குழியில் தொலைபேசி இல்லை. ஆகவே கடிகாரம்தான் ஒப்பந்தம்.

பத்து ஐம்பத்தைந்துக்கு நாலு பேரும் அடைப்புக்குள் நெருக்கிப் படுத்தோம். விளக்குகளை அணைத்தோம். இருட்டு கண்ணுக்கு முன்னால் இல்லை. கண்ணுக்கு உள்ளேயே இருந்தது. காற்று முகத்தில் பட்டது. என் இதயம் பாறைக்குள் அடிக்கிறதா, பாறை எனக்குள் அடிக்கிறதா என்று தெரியவில்லை.

டொக், டொக், டொக்.

மிக மெதுவாக. தூரத்து வீட்டில் யாரோ எதையோ இடிக்கிற மாதிரி. பிறகு இடைவெளி. பிறகு மறுபடியும் மூன்று.

"கேட்டுதோ?" என்று ஆரபி கிசுகிசுத்தாள். இரட்டையர்கள் கேட்டது என்றார்கள். "செல்வின்?"

"கேட்டுச்சு" என்றேன்.

பொய் இல்லை. எனக்கும் கேட்டது. மூன்றும் மூன்றும், தெளிவாக. அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கே கேட்டது. அப்படியானால் எண் சரிதான், என் கண் சரிதான் என்று இருட்டில் படுத்தபடி நினைத்தேன். அந்த ஊரிலேயே என்னை விடச் சந்தோஷமான ஆள் இல்லை. ஊர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மதியம் மூவரும் வெறி பிடித்த மாதிரித் தோண்டினார்கள். நான் முகாமுக்குத் திரும்பிச் சூப் வைத்தேன். அடைப்பிலிருந்து முகாம் அரை மணி நேர தூரம்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி. மேலேயிருந்து ருப்பர்ட். அடைப்பிலிருந்து ஆரபியும் எடுத்தாள். மூன்று முனையும் ஒரே கம்பியில்.

"மாரெக் இப்போதுதான் வெளியே வந்தான்" என்றார் ருப்பர்ட், ஆங்கிலத்தில். "காகக்குழியில் கயிறு பனிக்கட்டி பிடித்துக் கிடந்ததாம். முனைக்குப் போய்ச் சேரவே பன்னிரண்டு நாற்பது ஆகிவிட்டது. அப்போதுதான் அடித்திருக்கிறான். கேட்டதா?"

பன்னிரண்டு நாற்பதுக்கு எவரும் காது கொடுக்கவில்லை. பதினொரு மணிக்கு எவரும் அடிக்கவில்லை.

"நாங்கள் பதினொரு மணிக்குக் கேட்டோமே" என்றாள் ஆரபி. "நாலு பேரும்."

ருப்பர்ட் சிரித்தார். "தண்ணீர். இல்லாவிட்டால் ஆசை. பரவாயில்லை, காதை நம்பவேண்டாம். செல்வினுடைய எண் இருக்கிறது. அதை நம்பித் தோண்டுங்கள்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. அணைக்கவில்லை.

"ஆரபி" என்றேன், தமிழில். "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துருங்க."

"ஏன்?"

"நாப்பத்தொண்ணு–நாப்பத்திரெண்டு நான் அளக்கல. தண்ணியில இறங்கல. உங்க வெளிச்சத்தப் பாத்து மனசுல பட்டத எழுதினேன். பின்னளவும் அப்படித்தான். ஏழு மீட்டர்ங்கது எனக்குத் தெரியாது. நாப்பதா இருக்கலாம். நூறா இருக்கலாம்."

"என்ன பேசுகிறீர்கள்? ஆங்கிலத்தில்!" என்றார் ருப்பர்ட்.

ஆரபி தமிழில்தான் சொன்னாள், மெல்ல, ஒவ்வொரு சொல்லாக: "எனக்கு மட்டும் சொன்னாக் காணாது. என்ர பக்கத்தில ரெண்டு பெடியள் கல்லுக்குக் கீழ படுத்திருக்கிறாங்கள். எல்லாருக்கும் விளங்கிற பாசையில சொல்லுங்கோ."

தமிழில் அவ்வளவு சொன்னவன் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னேன். அந்த அளவை நான் எடுக்கவில்லை, இட்டுக்கட்டினேன். மேலே அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நின்றது.

"எல்லாரும் அடைப்பை விட்டு வெளியே" என்றார் ருப்பர்ட். பதினேழு கோடை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆரபி முகாமுக்கு வந்ததும் கடப்பாரையை மணலில் வைத்தாள். முழங்கை வரை கிழிந்த சட்டைக் கை தொங்கியது. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி இரட்டையர்களுக்குக் கொடுத்தாள், தான் குடித்தாள். மிச்சத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஏசுங்க" என்றேன்.

"களைச்சுப்போனன்" என்றாள்.

ஆகஸ்ட் 4

காலையில் ருப்பர்ட்: "நாளை கயிறுகளை எடுக்கத் தொடங்குகிறோம். போவதற்கு முன் அந்த அளவு எனக்கு வேண்டும். ஆரபி எழுதட்டும்."

ஏட்டில் எதையும் அழிக்கக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். தப்பான அளவின் மேல் ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கிற மாதிரித் தெரியவேண்டும். பக்கத்தில் போட்டவனின் கையெழுத்து. 240 மேல் கோடு போட்டு செ. என்று எழுதினேன். ஆரபி ஏட்டை வாங்கிக்கொண்டாள். இனி அவளிடம்தான்.

பத்து மணிக்கு அருவி. குளத்தில் இறங்கினேன். முழங்கால் வரை குளிர். தொடை வரை வலி. இடுப்பு வரை ஒன்றுமில்லை. அந்தப் பாதி உடம்பு என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. நடுப்பாறையைக் கட்டிப்பிடித்து, நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். குளிரில் பொட்டு நீளமாக விழுந்தது.

கிட்டத்தில் கருவி வேலை செய்தது. நான் சொல்ல, கரையிலிருந்து அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

"ஆறு புள்ளி எட்டு ரெண்டு."

"ஆறு, எட்டு, ரெண்டு."

"எரநூத்தி மூணு புள்ளி ஒண்ணு."

"இருநூத்தி மூண்டு, ஒண்டு. பின்னளவு?"

எடுத்தோம். அப்புறம் பாறையிலிருந்து நாற்பத்திரண்டுக்கு: 8.94, 228.3. பின்னளவு எடுக்க அந்தப் பக்கம் நடந்தேன். நடந்தது நான்தானா என்று இப்போதும் உறுதியில்லை. அருவியின் இரைச்சலுக்குள் எவரும் பேசவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அது வெறும் தண்ணீர்.

இரண்டையும் சேர்த்தால் நேர்த்திசை இருநூற்றுப் பதினேழரை. நான் எழுதியது இருநூற்று நாற்பது. இருநூறு மீட்டர் போய்ச் சேரும்போது எண்பது மீட்டருக்கு மேல் விலகும். அவர்கள் படுத்துத் தோண்டிய இடத்துக்கு எதிரில் காகக்குழி இல்லை. மலை மட்டும்தான்.

சொன்னேன். "சரி" என்றாள். எழுதினாள்.

திரும்பி வர நடுப்பாறையைப் பிடித்தபோது அருவியின் திரை பக்கவாட்டில் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் அது சுவரோடு ஒட்டி விழுகிற மாதிரி இருக்கும். ஒட்டவில்லை. பின்னால் கறுப்பு. விளக்கைக் காட்டினேன். வெளிச்சம் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு உயரம். சாரல் என் முகத்தை விட்டு விலகி, அந்தக் கறுப்பை நோக்கிச் சாய்ந்து, மெதுவாக, ஒரே சீராக, உள்ளே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஆரபி! அருவிக்குப் பின்னால வழி இருக்கு. பெருசு. காத்து உள்ள இழுக்குது."

அவள் ஏட்டையும் பென்சிலையும் பிடித்தபடி நின்றாள். எழுதவில்லை.

"உண்மையாத் தெரியுதோ" என்று கேட்டாள், "இல்லாட்டி மனசுல பட்டதோ?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லக்கூடிய எந்தச் சொல்லும் அவளுக்குப் போதாது என்பது அப்போது புரிந்தது. எனக்கும் போதாது.

அவள் ஏட்டை உறையில் போட்டு, கழுத்தில் மாட்டி, அந்தக் கிழிந்த கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால். தொடை. குளிரில் அவள் மூச்சு வெட்டி வெட்டி வந்தது எனக்குக் கேட்டது. நான் கூப்பிடவில்லை. அவள் அடுத்த அடியை வைக்கிற இடத்தில் விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றேன்.